எண்களைக் கையில் கொடுத்த மரியா மாண்டிசோரி: ரோம் முதல் கொடைக்கானல் வரை

ஆறாம் வகுப்புக்கான என்.சி.இ.ஆர்.டி. கணிதப் புத்தகம் 2024-ல் புதிதாக வந்தது. கணித பிரகாஷ் என்று பெயர். அதன் முதல் பாடமே புள்ளிப் படங்கள்தான். ஒரு புள்ளி, மூன்று புள்ளி, ஆறு புள்ளி, பத்து புள்ளி என்று முக்கோணமாக அடுக்கியிருக்கும். பக்கத்தில் 1, 4, 9, 16 சதுரமாக நிற்கும். அடுத்த படத்தில் எத்தனை புள்ளி வரும் என்பது கேள்வி. சூத்திரமே தெரியாத பிள்ளைகூட வரைந்து எண்ணிப் பார்த்துப் பதில் சொல்லிவிடும்.

எண்களைப் படமாக அடுக்கிப் பார்ப்பது புது யோசனை இல்லை. பழைய கிரேக்கத்தில் பித்தாகரஸ் வழிவந்தவர்கள் கூழாங்கற்களை வைத்து இதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் பெரியவர்களின் கணக்கு என்று இருந்த அந்தப் படத்தை, நான்கு வயதுக் குழந்தை தொட்டுத் தூக்கி, எண்ணி, மடித்து வைக்கிற பொருளாக மாற்றியவர்களில் முக்கியமானவர் ஒரு இத்தாலிய மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டு இருந்தவர். ஆமாம், தெருவுக்குத் தெரு பள்ளி போர்டில் பெயர் தொங்குகிற அதே மாண்டிசோரிதான்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது சின்ன நாற்காலி, கலர் பொம்மை, கொஞ்சம் கூடுதல் ஃபீஸ். உண்மையில் அவர் இந்த வேலையைத் தொடங்கியது, படிக்கவே லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடம்.

இன்ஜினீயர் ஆக ஆசைப்பட்டவர்

மரியா மாண்டிசோரி பிறந்தது 1870 ஆகஸ்ட் 31 அன்று, இத்தாலியின் அன்கோனா நகருக்குப் பக்கத்திலுள்ள கியாராவாலே என்ற ஊரில். அப்பா அலெஸ்ஸாண்ட்ரோ அரசாங்க நிதித் துறை ஊழியர். அம்மா ரெனில்டே நிறையப் படிப்பவர். மரியா ஒரே பிள்ளை. அப்பாவுக்கு வேலை மாற்றல் வர, குடும்பம் ஃபிளாரன்ஸுக்கும் பிறகு ரோமுக்கும் போனது.

13 வயதில் மரியா சேர்ந்தது தொழில்நுட்பப் பள்ளி. பெரும்பாலும் பையன்கள் படித்த இடம். கணக்குப் பிடித்திருந்தது, இன்ஜினீயராகத்தான் ஆசை. பிறகு அது மருத்துவமாக மாறியது. அப்பாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. அம்மா பக்கபலமாக நின்றார். 1890-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1896-ல் மருத்துவராக வெளியே வந்தார். இத்தாலியின் முதல் சில பெண் மருத்துவர்களில் ஒருவர். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணவறுவை வகுப்பில் ஒரு பெண் நிற்பது அன்று ஏற்கப்படவில்லை. அதனால் எல்லோரும் போன பிறகு தனியாக நின்று செய்ய வேண்டியிருந்தது.

பட்டம் வாங்கியதும் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அங்கேதான் திருப்பம். அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளை, மனநலக் காப்பகங்களில் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். தொட, விளையாட அங்கே ஒரு பொருளும் இல்லை. பிரச்சினை மருந்தில் இல்லை, கற்றுக்கொடுப்பதில் இருக்கிறது என்று மாண்டிசோரிக்குத் தோன்றியது.

அவருக்கு முன்பே இந்தப் பாதையில் போனவர்கள் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள், இதார் மற்றும் செகான். கையால் தொட்டு அறிவதிலிருந்து தொடங்கி மெதுவாக எழுத்துக்கும் எண்ணுக்கும் போவது அவர்கள் வழி. செகானின் தடிமனான புத்தகத்தை மாண்டிசோரி கைப்பட இத்தாலியில் மொழிபெயர்த்து எழுதினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிதானமாக உள்வாங்க அதுதான் வழி என்று நினைத்தார். இன்றைக்கும் மாண்டிசோரி வகுப்புகளில் 11 முதல் 99 வரை சொல்லித்தரும் பலகைகளுக்கு செகான் பலகை என்றுதான் பெயர்.

1900-ல் ரோமில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியின் இணை இயக்குநர் ஆனார். அங்கே பயின்ற சில குழந்தைகள், சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வில் தேறினார்கள். ஊரே அதிசயப்பட்டது. மாண்டிசோரிக்கு வேறு கவலை. இவர்களே இவ்வளவு தூரம் வர முடிகிறது என்றால், நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகள் என்ன பாடுபடுத்துகின்றன?

பேசப்படாத மகன்

அதே பள்ளியின் இன்னொரு இயக்குநர் ஜுசெப்பே மோன்டெசானோ. இருவருக்கும் இடையிலான உறவில் 1898-ல் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மாரியோ. திருமணம் ஆகாத தாய் என்று வெளியே தெரிந்தால் அன்றைய இத்தாலியில் ஒரு பெண் மருத்துவரின் வேலை அதோடு முடிந்தது. குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பம் வளர்த்தது. மாண்டிசோரி வந்து வந்து பார்த்துவிட்டுப் போவார், அம்மா என்று சொல்லிக்கொள்ளாமலே. 1901-ல் மோன்டெசானோ வேறொரு பெண்ணைத் திருமணம் செய்தார். மாண்டிசோரி அந்தப் பள்ளியை விட்டே வெளியேறினார்.

அம்மா ரெனில்டே இறந்த பிறகுதான் மாரியோ, பதினைந்து வயதுப் பையனாக, அவரோடு வந்து சேர்ந்தான். அப்போதும் வெளியுலகுக்கு அவன் உறவுக்காரப் பையன்தான். இந்த மகன் விஷயம் பின்னால் அடையாறில் மறுபடியும் வரும்.

சான் லோரென்சோ: 1907

ரோமின் சான் லோரென்சோ பகுதி அப்போது ஏழைத் தொழிலாளர்களின் இடம். ஒரு கட்டட நிறுவனம் அங்கே பாழடைந்து கிடந்த குடியிருப்புகளைச் சரிசெய்து வாடகைக்கு விட்டது. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் சின்னப் பிள்ளைகள் படிக்கட்டிலும் சுவரிலும் கைவரிசையைக் காட்டினார்கள். சுவரைக் காப்பாற்றவாவது இவர்களை யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் நிறுவனத்தின் கணக்கு! அப்படித்தான் 1907 ஜனவரி 6 அன்று முதல் குழந்தைகள் இல்லம் திறந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள்.

மாண்டிசோரி தன் பழைய பள்ளியில் பயன்படுத்திய பொருட்களை அங்கே கொண்டுவந்து வைத்தார். ஒருநாள் ஆசிரியை தாமதமாக வந்தார். முந்தைய நாள் அலமாரியைப் பூட்டவும் மறந்துவிட்டார். வந்து பார்த்தால், பிள்ளைகளே தங்களுக்கு வேண்டியதை எடுத்துவைத்துக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகப் பட்டது. மாண்டிசோரிக்கோ, எது வேண்டும் என்று பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது என்று பட்டது. பூட்டிய அலமாரி போனது. பிள்ளையின் கைக்கு எட்டும் திறந்த அலமாரி வந்தது.

சரி, கணக்கு எங்கே வருகிறது?

முதலில் வருவது பத்துக் கழிகள். முதல் கழி 10 சென்டிமீட்டர், பத்தாவது 1 மீட்டர். ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் சிவப்பு, நீலம் என்று நிறம் மாறும். புளியங்கொட்டையை வைத்து எண்ணினால், ஐந்து என்பது ஐந்தாவது கொட்டையின் பெயர் என்று சின்னக் குழந்தை நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. கழியில் அந்தக் குழப்பம் கிடையாது. ஐந்து என்பது ஒரே முழுப் பொருள், நான்கைவிட ஒரு துண்டு நீளம். பத்தையும் வரிசையாக வைத்தால் படிக்கட்டு. 9-ன் பக்கத்தில் 1, 8-ன் பக்கத்தில் 2, 7-ன் பக்கத்தில் 3, 6-ன் பக்கத்தில் 4 என்று வைத்தால் எல்லாமே 10-க்குச் சமம். 5 மட்டும் ஜோடி இல்லாமல் நிற்கும். ஆக, 10 என்ற நீளம் ஐந்து தடவை, மேலே ஒரு 5. ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டினால் 55 என்பதைக் குழந்தை தரையில் பார்த்துவிடுகிறது.

அடுத்தது 55 வட்டச் சில்லுகள். 1 முதல் 10 வரை எண் அட்டைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே அத்தனை சில்லுகளை இரண்டு இரண்டாக அடுக்க வேண்டும். 4-க்குக் கீழே இரண்டு ஜோடி. 5-க்குக் கீழே இரண்டு ஜோடியோடு, நடுவில் ஒற்றையாய் ஒன்று. ஜோடிகளுக்கு நடுவே விரலை மேலிருந்து கீழே இழுத்தால் சில எண்களில் வழி திறந்திருக்கும், சிலவற்றில் அந்த ஒற்றைச் சில்லு வழியை மறிக்கும். இரட்டைப்படை, ஒற்றைப்படை என்ற சொற்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

அப்புறம் பாசிமணிகள். மாண்டிசோரி கணிதத்தின் உயிர்நாடியே இதுதான். கம்பியில் கோத்த மணிகள். 1-க்குச் சிவப்பு, 2-க்குப் பச்சை, 5-க்கு இளநீலம், 7-க்கு வெள்ளை, 10-க்குத் தங்க நிறம் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறம். ஐந்து மணிக் கம்பிகள் ஐந்தை இணைத்தால் ஒரு சின்னச் சங்கிலி. குழந்தை அதைத் தரையில் நீட்டி வைத்து ஒவ்வொரு மணியாக எண்ணும். 5, 10, 15, 20, 25 வரும் இடங்களில் சீட்டு வைக்கும். இது நம் ஐந்தாம் வாய்ப்பாடு, ஒரு நேர்கோடாக. பிறகு அதே சங்கிலியைக் கம்பிக்குக் கம்பி மடித்தால் 5-க்கு 5 சதுரம் ஆகிவிடும். கோடாக இருந்த 25 இப்போது சதுரமாக இருக்கிறது.

125 மணி உள்ள நீளச் சங்கிலியும் உண்டு. அதில் ஒவ்வொரு 25 முடியும் இடத்திலும் ஒரு சதுரத்தை வைத்து, கடைசியில் ஐந்து சதுரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கனசதுரம். பத்தின் நீளச் சங்கிலியில் 1000 மணிகள். அது வகுப்பறையின் குறுக்கே நீண்டுகொண்டே போகும். ஆயிரம் என்றால் எவ்வளவு என்று கேட்கிற குழந்தை அதன் பக்கத்தில் நடந்து பார்த்துக்கொள்ளலாம். நூறின் சங்கிலி பக்கத்திலேயே கிடக்கும், பத்தில் ஒரு பங்கு நீளத்தில்.

1 முதல் 10 வரையிலான மணிச் சதுரங்களை வரிசையாக வைத்தால் இன்னொன்றும் தெரியும். 4 மணிச் சதுரத்தை 9 ஆக்க, இரண்டு ஓரத்திலும் வளைந்து நிற்கும் ஒரு சட்டம் வேண்டும். அதில் 5 மணி. 9-ஐ 16 ஆக்க 7. அடுத்ததற்கு 9. ஒற்றைப்படை எண்களை 1-லிருந்து கூட்டிக்கொண்டே போனால் ஏன் எப்போதும் வர்க்க எண்ணே வருகிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது. கணித பிரகாஷ் புத்தகத்தில் படமாக வருவதும் இதுதான்.

இளஞ்சிவப்புக் கோபுரத்தின் ரகசியம்

மூன்று வயதில் மாண்டிசோரி வகுப்புக்கு வரும் குழந்தை முதலில் தொடும் பொருட்களில் ஒன்று இளஞ்சிவப்புக் கோபுரம். பத்து மரக் கனசதுரங்கள். பெரியது 10 சென்டிமீட்டர், சிறியது 1 சென்டிமீட்டர். பெரியதிலிருந்து சின்னதாக அடுக்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்கிற பெரியவர்களுக்கு அது பொம்மை. ஆனால் கன அளவில் பார்த்தால் அவை 1, 8, 27, 64 என்று 1000 வரை போகும் தொடர்வரிசை.

சில வருடங்கள் கழித்து அதே குழந்தை, 1 முதல் 10 வரையிலான வாய்ப்பாடு முழுவதையும் மணிக் கம்பிகளால் ஒரே பெரிய சதுரமாகப் பரப்பும். ஒரு பக்கம் 1 முதல் 10 வரை கூட்டினால் 55. இன்னொரு பக்கமும் 55. மொத்தம் 55 பெருக்கல் 55, அதாவது 3025 மணிகள். இப்போது நான்காம் வரிசையும் நான்காம் பத்தியும் மூலையில் சந்திக்கிற வளைவை மட்டும் பாருங்கள்: 4, 8, 12, 16, 12, 8, 4. கூட்டினால் 64. நான்கின் கனம்! ஐந்தாவது வளைவில் 125. ஆறாவதில் 216. ஒவ்வொரு வளைவையும் எடுத்து ஒரு கனசதுரமாக மாற்றி, பெரியதன்மேல் சிறியதாக அடுக்கிக்கொண்டே வந்தால் தரையில் கிடந்த வாய்ப்பாடு எழுந்து கோபுரமாக நிற்கும். மூன்று வயதில் அடுக்கிய அதே கோபுரம்.

முதல் சில எண்களின் கனங்களைக் கூட்டினால், அந்த எண்களின் கூட்டுத்தொகையின் வர்க்கம் கிடைக்கும் என்ற இந்த விதி ஆரியபட்டர் 499-ல் எழுதிய ஆரியபட்டீயத்தில் சூத்திரமாகவே இருக்கிறது. மாண்டிசோரி புதிய கணிதம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருக்கிற கணிதத்தை ஏழெட்டு வயதுப் பிள்ளை தன் கையால் கட்டிப் பார்க்க வழி செய்தார். இந்தக் கணித முறைகளை 1916-ல் வந்த தொடக்கப் பள்ளி நூலிலும், 1934-ல் பார்சிலோனாவில் வெளியிட்ட எண்கணித நூலிலும் விரிவாக எழுதினார்.

புகழ், எதிர்ப்பு, முசோலினி

1909-ல் வந்த அவருடைய முதல் புத்தகம் சீக்கிரமே பல மொழிகளுக்குப் போனது. 1913-ல் அமெரிக்கா போனபோது நியூயார்க்கின் கார்னெகி அரங்கம் நிரம்பி வழிந்தது. 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையை அமைத்தார்கள். பிள்ளைகள் உள்ளே படிப்பதைக் கூட்டம் வெளியிலிருந்து பார்த்தது.

எதிர்ப்பும் இருந்தது. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914-ல் ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். பொருட்கள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரே சரியான பயன்பாடு, கற்பனைக்கு இடம் இல்லை என்பது அவர் வாதம். இதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. கோபுரத்தை ராக்கெட்டாக்கி விளையாட ஆசைப்படும் பிள்ளைக்குக் கறாரான மாண்டிசோரி வகுப்பு கொஞ்சம் இறுக்கமான இடம்தான்.

அதைவிடச் சங்கடமான பக்கம் முசோலினி. 1924 முதல் அவருடைய அரசு மாண்டிசோரி பள்ளிகளுக்கு ஆதரவு தந்தது, மாண்டிசோரியும் ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளைக் கட்சிக்கு ஏற்ற மாதிரி வளர்க்க வேண்டும் என்று நெருக்கடி வந்தபோது முரண்பட்டு, 1934-ல் உறவு முறிந்தது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிகளும் மூடினார்கள். முறித்துக்கொண்டதைப் பெரிதாகப் பேசுபவர்கள் அதற்கு முந்தைய பத்து வருடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. பார்சிலோனா வீட்டை விட்டு பிரிட்டிஷ் கப்பலில் தப்பி, கடைசியில் நெதர்லாந்தில் தங்கினார்.

அடையாறில் ஒரு பிறந்தநாள்

1939-ல் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பின் பேரில் மாண்டிசோரி மாரியோவோடு சென்னை வந்தார். வயது 69. சில மாதங்கள் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். அடையாறு வளாகத்தில் சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அவர் இத்தாலியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஒரே நாளில் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மாண்டிசோரி அடையாறு வளாகத்தைத் தாண்டக் கூடாது. மொழிபெயர்க்கவும் ஆள் இல்லை.

அந்த ஆகஸ்ட் 31 அன்று அவருக்கு 70 வயது. பிறந்தநாள் பரிசாக வைஸ்ராய் மாரியோவை விடுதலை செய்தார். வைஸ்ராயின் செய்தியில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தது. நாற்பது வருடமாக ஊருக்கு மறைத்த உறவு.

ஆனாலும் போர் முடியும்வரை நாட்டை விட்டுப் போக முடியாது. 1942-ல் இருவரும் கொடைக்கானல் போனார்கள். அங்கே சின்னப் பிள்ளைகளும் பெரிய பிள்ளைகளும் கலந்து படித்த ஒரு சிறு பள்ளி உருவானது. அதுவரை மாண்டிசோரி என்றால் பெரும்பாலும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள். கொடைக்கானலில் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரைக்கான பாடத்திட்டம் முழு வடிவம் எடுத்தது. எண், தாவரம், நட்சத்திரம், மனித வரலாறு எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று சொல்லித்தரும் முறை அது. உலகம் முழுக்க இன்று மாண்டிசோரி தொடக்கப் பள்ளிகள் நடத்தும் பாடத்தில் கணிசமான பகுதி இங்கேதான் முதிர்ந்தது. நம் ஊரில் இது அதிகம் பேசப்படாதது ஆச்சரியம்தான்.

1944-ல் இலங்கைக்கும் போய்ப் பயிற்சி கொடுத்தார். 1946-ல் ஐரோப்பா திரும்பும்போது இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றிருந்தார்கள். அடுத்த வருடமே மறுபடி இங்கே வந்தார். 1949-ல் அவருடைய புகழ்பெற்ற நூல்களில் ஒன்று அடையாறிலேயே அச்சானது. அந்த வருடமும் அடுத்த இரண்டு வருடங்களும் அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்ற கடலோர ஊரில் இறந்தார். வயது 81.

அப்படியென்றால் போர்டில் இருப்பது எல்லாம்?

மாண்டிசோரி என்ற பெயர் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. அது பொதுச்சொல் என்று அமெரிக்க வர்த்தகக் குறி அலுவலகம் 1967-ல் முடிவு சொன்னது. நம் ஊரிலும் போர்டைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் ஃபீஸ் கேட்பதற்கு முன் மணிச் சங்கிலி எங்கே என்று கேட்கலாம். கண்ணாடி அலமாரிக்குள் பளபளவென்று தொங்கினால் அது அலங்காரம். நிறம் மங்கி, இரண்டு மணி உதிர்ந்து தரையில் கிடந்தால் யாரோ எண்ணியிருக்கிறார்கள்.

முழு செட் வாங்க நல்ல செலவாகும். சான் லோரென்சோ தொழிலாளர் பிள்ளைகளுக்காக வந்த பொருள், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிகளில்தான் அதிகம் தங்கிவிட்டது. ஆனால் அதற்குள் இருக்கும் கணக்குக்கு விலை இல்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் 55 கட்டம் நீளம், 55 கட்டம் அகலம் வேண்டும். ஒரு பக்கம் போதாது, நான்கு தாள்களை ஒட்டிக்கொள்ளலாம். மேல் இடது மூலையில் ஒரு கட்டம், அதைச் சுற்றி இரண்டு கட்ட அகலத்தில் ஒரு வளைவு, அதற்கு அடுத்து மூன்று கட்ட அகலத்தில் என்று பத்து வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் அடித்தால் போதும். முதல் வளைவில் 8 கட்டம், அடுத்ததில் 27. கடைசி வளைவுக்குத்தான் கலர் பென்சில் நிறையத் தேயும், அதில் மட்டும் 1000 கட்டங்கள்.